எது போகும் குழாய், எது வரும் குழாய்

போன ஆகஸ்டில், கணவாய் ஏறும்போது
மூன்றாவது கியர் என்னிடம் சொல்லாமலே இறங்கிக்கொண்டது.
இஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை.
பின்னால் டிரெய்லரில் முப்பத்தெட்டு செம்மறிகள்,
முன்னால் வெறும் நெவாடா.
அளவுகோலை உருவி முகர்ந்தேன்:
அடுப்பில் மறந்த பால்.

அந்த ஆடுகள் போன விலைக்குத்தான்
இந்தக் கியர்பெட்டி வந்தது.
மிஞ்சிய நூறு டாலர் இழுவை வண்டிக்காரனுக்கு.
புதுசு என்று பெயர்;
எவனோ கெடுத்ததை எல்கோவில் எவனோ பிரித்துக் கட்டியது.

இதையும் வேகவிட மாட்டேன் என்று
கூலர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.
முழங்கை நீளம், அலுமினியம்,
மீன் செவுள் போல அடுக்கடுக்காய்த் தகடுகள்.
உள்ளே இருந்த தாள் ஐந்து மொழியில் பேசுகிறது.
என் வண்டியில் எது போகும் குழாய், எது வரும் குழாய்
என்பதை மட்டும்
ஐந்திலும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பெஞ்யாத் வந்தான்.
பிரிந்து இரண்டு வருடம். அவன் குதிரை மட்டும்
இன்னும் என் மேய்ச்சலில்.
'பிளாஸ்டிக் பட்டையை ரேடியேட்டருக்குள் குத்தி இழுத்துக் கட்டு,
பத்து நிமிட வேலை' என்றான்.
கட்டலாம். ஒவ்வொரு குலுக்கலிலும் அது அறுத்துக்கொண்டே இருக்கும்,
ஒருநாள் தண்ணீர் ரோட்டில் ஓடும்.
நான் கொட்டகையிலிருந்து
பழைய கட்டிலின் இரும்புச் சட்டத்தை எடுத்து வந்தேன்.
அவன் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
நாலு துளை போடுவதற்குள்
மூன்று டிரில் முனை ஒடிந்தது.
'அப்பவே உறுதியான கட்டில்' என்றான்.
சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு குழாய்.
ஒன்றைக் கழற்றி, காபி டப்பாவைப் பிடித்து
வண்டிக்கு அடியில் படுத்தேன்.
அவன் சாவியைத் திருப்பினான்.
ஒரு நொடி. இரண்டு.
சிவப்பாய்ப் பீறியது, டப்பாவில், மணிக்கட்டில், காதில்.
'நிறுத்து!'
நிறுத்தினான்.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
நான் சொன்னவுடன் அவன் நிறுத்தியதில்லை.

போகும் குழாய் அதுதான். குறித்துக்கொண்டேன்.

ரேடியேட்டரே வேண்டாம், நேராகக் கூலருக்கு விடு என்றான்.
ஜனவரியை மறந்துவிட்டான்.
மூக்குமயிர் உறையும் காலையில்
எண்ணெய் தேன்பாகாய் நிற்கும்,
அதற்கும் கொஞ்சம் வெதுவெதுப்பு வேண்டும்.
முதலில் ரேடியேட்டர், அப்புறம் கூலர், அப்புறம் வீடு.
ஹோஸை மடங்காமல் வளைத்து,
பெல்ட்டுக்கும் புகைக்குழாய்க்கும் எட்டாமல் விலக்கி,
இரட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.
இருட்டுவதற்குள் அவன் போய்விட்டான்.
குதிரையைப் பார்க்கவே இல்லை.

ஞாயிறு, டிரெய்லர் நிறைய வைக்கோல்,
அதே கணவாய், அதே மேடு.
இந்த முறை எண்ணெயின் சூட்டைச் சொல்ல
ஒரு முள் இருக்கிறது என் கண்முன்னால்.
நூற்றெழுபது.
நூற்றுத் தொண்ணூறு.
முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது, நானும் ஊர்ந்தேன்,
காற்று செத்துப்போனது,
இருநூற்றுப் பன்னிரண்டு.
நாக்கு உலர்ந்தது.
போன வருடமும் இப்படித்தான் ஏறியிருக்கும்;
எனக்குத்தான் தெரியவில்லை.
லாரி ஒதுங்கியது. காற்று தகடுகளுக்குள் புகுந்தது.
முள் யோசித்தது,
மனசில்லாமல் ஒரு கோடு இறங்கியது.
அப்புறம் இன்னொன்று.

இன்று காலை வண்டிக்கு அடியில் விரித்த அட்டையில்
ஒரு சிவப்புச் சொட்டு.
நாணயம் அளவு.
எந்தக் கிளாம்ப் என்று விரலால் தடவிப் பார்த்தேன்:
வரும் குழாய்.
கால் திருகு திருகினேன், அதற்கு மேல் வேண்டாம்.
அட்டையை மாற்றிப் போட்டிருக்கிறேன்.
நாளைக்கும் பார்க்க வேண்டும்.