வியாழன் மூலை

"மதமே இல்லை இது, தத்துவம்"
என்பான் ஞான் லின்.
கேட்பதற்கு மேலே யாருமில்லையாம்,
மனதைக் கழற்றித் துடைத்துத்
திரும்பப் பூட்டும் வேலையாம்.
படகு எஞ்சின் மெக்கானிக்
வேறெப்படிப் பேசுவான்.

மகளுக்கு டெங்கு.
பிளேட்லெட் இருபதாயிரம் என்ற இரவு
மோல்மீன் ஆஸ்பத்திரியில்
ஆளைக் காணோம்.

விடியலில் கண்டுபிடித்தேன்,
பகோடா மேட்டில்,
அவள் பிறந்த வியாழக்கிழமையின் மூலையில்.
கிரீஸ் போகாத கையால்
கல் எலிக்குத் தண்ணீர்
ஊற்றிக்கொண்டிருந்தான்.
அவளுக்கு வயது ஆறு.
ஏழு குவளை போதும், அவர்கள் வழக்கப்படி.
நான் வந்த பிறகு எண்ணியதே
பத்தொன்பது.

திரும்பினான். என்னைப் பார்த்தான்.
"எலிக்குத் தாகம்" என்றான்.

குவளையை வாங்கி
நானும் ஒன்று ஊற்றினேன்.
எனக்குப் பழகிய எலிதான்.
முதுகில் ஆளில்லை,
அவ்வளவே.