அட்டை

தவமலருக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டு
மெல்பர்னிலிருந்து திரும்பியபோது
நூற்றுப் பன்னிரண்டு டாலர் மிச்சமிருந்தது,
விமானக் கம்பெனியின் சிறகு போட்ட அட்டையில்.

கோழிக்கோட்டில் ஏற்றும்போது டாலர் ஐம்பத்தெட்டு.
திருப்பிக் கேட்டால் ஐம்பத்திரண்டாம்.
அன்றைய பேப்பரில் ஐம்பத்தாறு.
நடுவில் நிற்கும் ரூபாய்க்கு என்ன பேர் என்றேன்.
"மார்ஜின், மேடம்."
என்னை மேடம் என்ற முதல் ஆள்.

கிடக்கட்டும், அடுத்த பேரனுக்கு ஆகுமென்று
பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தேன்.

சேரம்பாடியில் ஆடி மழை விடவில்லை.
ஏழாம் நம்பரில் கொழுந்தெடுத்து வந்து
லயத்துப் படியில் காலுறை கழற்றினால்
கெண்டைக்காலில் ஒன்று,
விரலிடுக்கில் ஒன்று, திராட்சை மாதிரி.
கடித்ததே தெரியாது, அதுதான் அதன் தொழில்.
உப்பு வைத்தேன். சுருண்டு விழுந்தது.
ரத்தம் மட்டும் நிற்காமல் வந்தது.

அப்போதுதான் போனில் மெசேஜ்:
பயன்படுத்தாததற்குக் கட்டணம், மாதம் நான்கு டாலர்.
பத்து மாதமாக.
மீதி எழுபத்திரண்டு.

பீரோவைத் திறந்தேன்.
சிறகு மடங்காமல்
சும்மா கிடந்தது.

கையில் இன்னும் கொஞ்சம் உப்பு.
இதற்கு எந்த இடத்தில் வைப்பது?