கொழுப்பு

"அவன் இறைச்சி தொடமாட்டான் அப்பா"
தொலைபேசியில் ஜெனட் சொன்ன தொனிக்கு
மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டதோ என்றிருந்தது.
பாகப்பில் முப்பது வருஷம் பேருந்து ஓட்டினவன் நான்.
சனிக்கிழமை என்றால் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பை.
வேறு ஒன்றும் தெரியாது.

மாட்டை எடுத்துவிட்டால் அந்தப் பள்ளத்தில் எதைப் போடுவது?

காளான் என்றார் காய்கறிக்கடை திருமதி ஷட்டில்வர்த்.
தண்ணீர் விடுமே, அடிமாவு நொதநொதத்துப் போகுமே.
"வெறும் சட்டியில் போட்டு அழவிடு.
அழுது தீர்ந்த பிறகு வெண்ணெய் காட்டு."
பயறு?
"அது மாவுக்குள் இன்னொரு மாவு."
சரி, காளான், லீக், உருளைக்கிழங்கு,
பல்லுக்கும் ஏதாவது வேலை வேண்டுமே என்று
ஒரு பிடி பார்லி.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு
அலமாரியைப் படிக்க ஆரம்பித்தேன்.
கறுப்பு சாஸ் புட்டியில் நெத்திலி.
இத்தனை காலம் நெத்திலியா தின்றேன்!
சாற்றுக் கட்டியில் மாடு.
பாலாடைக்கட்டி பாவம் பால்தானே என்றால்
அதை உறைய வைத்தது கன்றின் இரைப்பை.
மழையில் திரும்பவும் சந்தைக்கு நடந்தேன்.
வேறு கட்டி கிடைத்தது, கொஞ்சம் ரப்பர், பரவாயில்லை.
மேல்மாவுக்குப் பன்றிக்கொழுப்பு இல்லை.
பாதி வெண்ணெய், பாதி தாவரக் கொழுப்பு,
விரல் சுடாமல் பிசைய குளிர்ந்த தண்ணீர்.

இரவு ஏழு மணி.
லெஸ்டர் ஒல்லி, காது பெரிது, பேச்சு குறைவு.
பையை வெட்டினேன். ஆவி. பொன்னிறம்.
முள்கரண்டி அவன் வாய்வரை போனது.

அப்போதுதான் என் கட்டைவிரலைப் பார்த்தேன்.
நகக்கண்ணில் மினுமினுப்பு.
அடுப்போரக் கிண்ணத்தில் ஞாயிற்றுக்கிழமை வடித்த மாட்டுக்கொழுப்பு.
அதில் விரலைத் தோய்த்துத் தட்டுக்குத் தடவியது
நான் இல்லை, கை.
கையிடம் யாரும் சொல்லவில்லை.

முழுப் பூசணியையும் சோற்றில் மறைத்துவிடலாம்.
இது தட்டின் ஓரத்தில் ஒரு பளபளப்பு, அவ்வளவே.
வாயை மூடினால் போதும்.
ஜெனட் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வைத்துவிடு" என்றேன்.
பேருந்தில் பிரேக் அடித்த குரல் வந்தது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
என் மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள்.
லெஸ்டர் எழுந்தான், கோபமாக்கும் என்றிருந்தேன்.
அடுப்பருகே போய்ச் சட்டியின் மூடியைத் திறந்தான்.
பைக்குள் அடங்காத மிச்சம்
அடியில் இரண்டு கரண்டி, கொஞ்சம் தீய்ந்து.

"ரொட்டி இருக்கிறதா?"

வாட்டிய ரொட்டிமேல் பரப்பித் தின்றான்.
பார்லி நன்றாக இருக்கிறது என்றான்.
மிளகு போதவில்லை என்றும் சொன்னான்,
பெண் கேட்டு வந்த வீட்டில், முதல் நாளே.

கொழுப்புதான்.
எனக்குப் பிடித்துப்போயிற்று.

பையைத் திங்கள்வரை நான் ஒருவனே தின்றேன்.
கிண்ணத்துக்கு இப்போது மூடி போட்டிருக்கிறேன்,
கை தட்டி நிற்கும்படி.