ஏழில் நான்காவது

அச்சு இயந்திரம் என்னிடம் இல்லை.
டச்சு பேயில் கரும்பு பிழியும் நவ்பரிடம் இருந்தது:
இரண்டு உருளை, ஒரு கைச்சக்கரம்.
மாரியில் கரும்புச் சாறு ஆர் கேக்கினம்,
கொண்டுபோங்கோ, என்றார்.
உருளையின் பல்லுக்கு லொறி டியூப் சுற்றினேன்.

தகடும் செம்பில்லை.
யாரோ குடித்தெறிந்த மைலோ பெட்டி,
விரித்தால் உள்ளே வெள்ளி.
சுற்றிவர ஒட்டினேன்
திருக்கடலூர்க் கரையில் பொறுக்கிய வலைத்துண்டு,
நாலாய் மடித்த மூதூர் பஸ் டிக்கெட்,
பனடோல் அட்டை, குழியெல்லாம் காலி,
மாமூட்டையின் தையல் ஓரம்.
நடுவில் ஒரு முகம் குறைந்தது.

உட்துறைமுக வீதியில் ஸ்டூடியோ ஒன்றை மூடிய அன்று
வாசலில் ஒரு பை கிடந்தது.
யாரும் வந்து எடுக்காத பாஸ்போர்ட் படங்கள்.
காதிரண்டும் தெரிய, சிரிக்காமல்,
நீலத் துணிக்கு முன்னால்
நகரத்தில் பாதிப்பேர்.
ஒருத்தியைத் தெரிந்தேன்.
இடது புருவம் மட்டும்
என்னமோ கேட்டுக்கொண்டிருந்தது.
பெரிதாகப் போட்டோக்கொப்பி எடுத்து
வெள்ளியில் வைத்து
ஊசியால் கீறினேன் அவளை.

ஏழு பிரதி.
ஒவ்வொரு தாளும் கரும்பு மணந்தது.
முதலில் பார்க்க வந்தவை எறும்புகள்.

கொடியில் காயவிட்டுப் படுத்தேன்.
விடிய, வேலிக்கு மேலால் கழுத்து நீட்டி
ஒரு மான்,
சுவரொட்டி தின்று பழகிய வாய்,
நான்காவதைத் தின்றுகொண்டிருந்தது.
கத்தினேன்.
மென்றபடியே பார்த்தது.
கடைவாயில் புருவம்.

மூன்றாம் நாள் நூலகக் கூடத்துக்கு அவளே வந்தாள்.
கையில் கரண்ட் பில், செருப்பில் மணல்.
தூர நின்றாள். கிட்டப் போனாள்.
"இது என்ர முகம்."
சுகிர்தமலர் என்று பெயரும் சொன்னாள்,
பொலிஸில் முறைப்பாடு எழுதுவிப்பது போல.
"கனடாவுக்கெண்டு எடுத்தது.
சரிவராதெண்டு அண்டு பின்னேரமே தெரிஞ்சிட்டுது.
பிறகு ஆர் போய்ப் படம் எடுக்கிறது?"

மன்னிப்பை எங்கே தொடங்குவதென்று தெரியாமல்
அச்சில் இடம் வலமாகும், வகிடு மாறித்தான் விழும்
என்று ஏதோ விளக்கினேன்.
அவள் கேட்கவில்லை. தன் வகிட்டைத் தொட்டாள்.
"அவன் எடுத்தது சனம் பாக்கிற என்னை.
கண்ணாடியில நான் பாக்கிறது
இந்த ஆளைத்தான்."

எங்கே போகும் இவை, என்றாள்.
ஒன்று யாழ்ப்பாணம். ஒன்று சென்னை.
பேர்லினில் ஒருவர் ஒன்று கேட்டிருக்கிறார்.
"விசா?"
புருவம் உயர்ந்தது. சிரிக்கவில்லை.

பிறகு பென்சில் இலக்கங்களை விரலால் எண்ணிப்போய்
மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்
நின்றாள்.
சொன்னேன்.
"ஆண் மானோ, பெட்டையோ?"
கவனிக்கவில்லை, என்றேன்.
முதல் தடவையாக
என்னைக் குற்றவாளியாய்ப் பார்த்தாள்.

படம் வேண்டாமாம். காசும் வேண்டாமாம்.
படியிறங்கிக்
கோட்டைப் பக்கம் திரும்பினாள்.
பில் கட்டுகிற இடம்
எதிர்த்திசையில்.