சதுர அடிக்கு இவ்வளவு

எங்கள் தொழிலில் கூலி
சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு.
ஒரு வங்கியின் இருபதாம் மாடியை
மூன்று நாள் சுற்றி வந்தேன் ஒருமுறை.
அந்தக் காசில்
இரண்டு பல் கட்டிக்கொண்டேன்,
அம்மாவின் கடனை அடைத்தேன்.

ஷாம் ஷுய் போவில் ஆறாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
யிப் சுக்-ச்சிங்கின் வீடு
தொண்ணூற்றாறு சதுர அடி.
படியேறும்போதே மனக்கணக்கு போட்டுவிட்டேன்:
கீழ்க்கடையில் மீன் உருண்டை நூடுல்ஸ், நான்கு கிண்ணம்.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
இது ஒரு வளையை
ஐந்தாய்த் தடுத்ததில் நடு வளை.
கதவைத் திறந்தால் கட்டில்,
கட்டிலைத் தாண்டினால் ஜன்னல்.
திசைகாட்டித் தட்டை எங்கே வைத்தாலும்
ஏதோ ஓர் இரும்பு பக்கத்தில் இருக்கிறது.
முள் நடுங்குகிறது,
பரீட்சைக்குப் போகிறவன் கைபோல.

பரீட்சைதான் விஷயமே.
மகன் ஹோ-யின், பதினேழு வயது, கடைசி வருடம்.
"அவன் பக்கம் காற்று திரும்பணும், சீஃபூ."

நெருப்பும் நீரும் எதிரெதிரே நிற்கக் கூடாது,
எங்கள் பாடத்தில் முதல் வரி.
இங்கே அடுப்பு
குளிர்பெட்டியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது.
"எதிரெதிர் இல்லையே" என்றாள் சுக்-ச்சிங்.
மறுக்க ஒன்றும் தோன்றவில்லை.

பிறந்த வருடங்களைக் கேட்டேன்.
அம்மாவுக்குக் கிழக்கு நல்லது,
மகனுக்கு மேற்கு.
இருப்பதோ ஒரு கட்டில்.
அவள் இரவெல்லாம்
விமான நிலையத்தில் கழிவறை கழுவுகிறாள்,
அவன் படுக்கிறான்.
அவன் பள்ளிக்குப் போனபின் அவள் படுக்கிறாள்.
மெத்தை ஆறவே ஆறாது.

இரண்டு முனையிலும் தலையணை போடச் சொன்னேன்.
காலையில் கால்மாடு, இரவில் தலைமாடு.
புத்தகம் எதிலும் இல்லாத பரிகாரம்.
அவள் முகத்தில் ஒரு திருப்தி,
ஏதோ வாங்கியது போல.

அப்புறம் ஜன்னலைக் காட்டினாள்.
"அதுதான், சீஃபூ. ஒரு வருஷமாய் உறுத்துது."
எதிர்க் கட்டடத்தில்
சிவப்பு விளிம்பு வைத்த எட்டுப்பட்டைக் கண்ணாடி,
நேராக எங்களைப் பார்த்தபடி.
"அவங்க வீட்டுக் கெட்டதெல்லாம்
நம்ம மேல தள்ளிவிடுறாங்க."

எனக்கு வாய் உலர்ந்தது.
ஆணி நான் அடித்தது.
மிஸ்டர் சூய், சாவிக் கடைக்காரர்,
தூக்கம் வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்.
எதிர் ஜன்னலில் எந்நேரமும் ஈரத்துணி தொங்குகிறது,
யாரோ அழுதுகொண்டு நிற்பது போல இருக்கிறது என்றார்.
அந்தத் துணி இவள் சீருடை.
நூற்று நாற்பது சதுர அடி. காசை எண்ணி வாங்கினேன்.

"நாமும் ஒண்ணு மாட்டலாமா, பெரிசா?"

மாட்டியிருக்கலாம். கண்ணாடி விற்பதும் நான்தான்.
பையில் இரண்டு இருந்தன.
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
ஆறு மாடி இறங்கி, தெருவைக் கடந்து,
எதிர்ப்பக்கம் ஆறு மாடி ஏறினேன்.
முழங்காலுக்கு வாஸ்து கிடையாது.

சூயிடம் உண்மையைச் சொல்லவில்லை.
இந்த வருடம் கண்ணாடி
வானத்தைப் பார்க்கவேண்டும் என்றேன்.
வானத்துக்கு எதிர்வீடு இல்லை.
ஸ்டூல் மேல் ஏறி
இரண்டு விரற்கடை மேலே சாய்த்தேன்.
"இதுக்கு எவ்வளவு?" என்றார்.
விரற்கடைக்குக் கூலி இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

ஒரு வாரம் கழித்து சுக்-ச்சிங் போன் செய்தாள்.
நாலரை மணிக்கு
உள்ளங்கை அளவு வெயில் உள்ளே வந்து
தலையணை மேல் ஏறுகிறதாம். தூக்கம் கெடுகிறதாம்.

சரி, இன்னொரு முறை வந்து மாற்றட்டுமா என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
குளிர்பெட்டியின் இரைச்சல் கேட்டது.
கதவு திறந்தது, பள்ளிப்பை தொப்பென்று விழுந்தது,
ஒரு பையனின் குரல்:
"என்னம்மா, முழிச்சிருக்கே?"

"வேண்டாம், சீஃபூ" என்றாள்.
"அப்புறம் பேசுறேன்."

பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை.
வந்தால் எனக்குத்தான் பயம்.