ஒரே காசு

எங்கள் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
உள்ளே ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு வாய்.
எட்டாம் மாடிக்கும் பத்து தேத்ரி,
இரண்டாம் மாடிக்கும் பத்து தேத்ரி.

போன மார்ச்சில் அது என் காசை விழுங்கிவிட்டு
அசையாமல் நின்றது.
இன்னொன்று போட்டேன். விழுங்கியது.
தட்டினேன். உதைத்தேன்.
வெளியே வந்து
கோபத்தில் ஏறத் தொடங்கினேன்.

உடற்பயிற்சி என்று யாரும் சொல்லாதீர்கள்.
முப்பத்தொரு வருடம் டிராலிபஸ் ஓட்டியவன் நான்.
திபிலீசி முழுக்க உட்கார்ந்தபடியே சுற்றியவன்.
என் கால்களுக்குத் தெரிந்ததெல்லாம்
இரண்டு மிதிகள்.
எழுபத்தொன்றில் அவற்றுக்கு
மூன்றாவதாக ஒன்று பழக்க வேண்டியிருந்தது.

நூற்று இருபத்தாறு படிகள்.
அன்று நான்காம் மாடியில்
இதயம் காதுக்குள் அடிக்க
சியாலாவின் கதவையே பார்த்து நின்றேன்,
அவளைத்தான் பார்க்க வந்தவன்போல.
திறந்தாள்.
"தண்ணீரா, பாதிரியாரா?"
தண்ணீர் என்றேன்.

மறுநாளும் ஏறினேன், கோபம் மிச்சமிருந்தது.
அதற்கடுத்த நாள் கோபம் தீர்ந்துபோயிருந்தது.
கால்கள் ஏறிவிட்டன, என்னைக் கேட்காமல்.

ஒப்புக்கொள்கிறேன்,
மழை நாட்களில் ஆறுவரை ஏறிவிட்டு
மிச்சத்துக்கு லிஃப்டைக் கூப்பிட்டதுண்டு.

ஜூலையில் நாஸிப்ரோலாவோடு பந்தயம்.
என் மனைவி, இடுப்பில் இரும்பு வைத்தவள்,
தர்பூசணியோடு லிஃப்டில்.
நான் படியில்.
சுவருக்குப் பின்னால் அது
கிழட்டுக் கழுதைபோல் முக்கிக்கொண்டு போகும்.
நானும் அப்படியே.
மேலே வாசலில் நிற்பாள்,
"இப்போதுதான் வந்தேன்" என்பாள்.
உள்ளே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்கும்.

நவம்பரில் ஒருநாள் நான் முந்திவிட்டேன்.
சாவியைக் கையில் எடுத்து
சிரிப்பைத் தயார்செய்து நின்றேன்.
லிஃப்ட் வரவில்லை.
விளக்கும் போய்விட்டது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, இருட்டில், அவள்.
கதவிடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டேன்.
"ஸாவுர், ஜெயித்துவிட்டாயா?"
"ஜெயித்தேன்."
"முட்டை பத்தும் பத்திரம்."
ஐம்பது நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தேன்.
அதிகம் பேசவில்லை.
ஒரு தடவை, "இந்த இரும்பு குளிர்கிறது" என்றாள்.
லிஃப்டைச் சொன்னாளா
இடுப்பைச் சொன்னாளா,
நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் நின்றவள்
காசைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.
கைப்பிடிக் கம்பியைப் பற்றினாள்.
முதலில் நல்ல கால், பிறகு இரும்புக் கால்.
"நல்லது மேலே போகும், கெட்டது கீழே போகும்,
படியில் அதுதான் வரிசை."
பாதிரியார் பேச்சுபோல இருந்தாலும்
சொன்னது டாக்டர் லமாரா.
பதினெட்டுப் படி, பதினொரு நிமிடம்.
இரண்டாம் மாடியிலிருந்து லிஃப்ட்.
அதே பத்து தேத்ரி.
"ஒரு மாடி நடந்து வந்தவளுக்குத் தள்ளுபடி கிடையாதா?"
பெட்டியைத்தான் கேட்டாள்.

இது பிப்ரவரி.
நான்காம் மாடியை எட்டியிருக்கிறாள்.
இரண்டு படி பின்னால் நான்,
விழுந்தால் பிடிப்பதற்கு என்று பெயர்.
விழுந்தால் இரண்டு பேரும்தான் விழுவோம்.
முழங்கால் நான்கும்
உரிக்கும் வேர்க்கடலைபோல் நொறுங்குகின்றன.

சியாலாவின் கதவருகே உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறிக்கிறோம்.
தோலைக் கோட்டுப் பையில் போடு என்கிறேன்.
அவள் எப்போது என் பேச்சைக் கேட்டாள்?

கீழே யாரோ காசு போடுகிறார்கள்.
சுவருக்குப் பின்னால் கழுதை முக்கி
எங்களைக் கடந்து மேலே போகிறது.
எழுந்து நிற்கிறாள்.
"ஐந்தா, லிஃப்டா?" என்கிறேன்.
பதிலில்லை.
பைக்குள் காசைத் தேடுகிறாள்,
வெகு நேரம்,
மறு கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல்.