செய்தவர்: ஓநாய்ச்சி

இலவசம் என்றுதான் போட்டிருந்தது.
முதல் நாள் ஒரு கிழிந்த சட்டை, ஒரு மரக்கத்தி,
காலில் ஒன்றுமில்லை.
பனி கொட்டும் ஏதோ ஒரு ஊரின் வாசலில்
வெறுங்காலோடு வந்து நின்றாள் என் ஆள்.
பேர் கேட்டது. பிரமிளா என்று போட்டால்
ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளாம்.
ஓநாய்ச்சி என்று இங்கிலீஷில் அடித்தேன்.
விட்டுவிட்டது.

பேரணாம்பட்டில் கம்பெனி பஸ் ஏறினால்
பாலாற்றுப் பாலம் வருவதற்குள்
நாலு ஓநாய் அடிக்கலாம்.
சிக்னல் இருந்தால் அஞ்சு.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஆறு
மணலும் சீமைக்கருவேலுமாகப் படுத்துக்கிடக்க
என் உள்ளங்கையில் ஒரு ஆறு
இரண்டு கரையும் தளும்பி ஓடுகிறது.
அதில் நீந்த நூறு வைரம் கட்டவேண்டும்.
வைரம் மட்டும் இலவசமில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது எதற்கென்றால்
ஓநாய் செத்து விழுந்ததும்
தோல் தானாகக் கழன்று பைக்குள் வருகிறது.
இழுத்துத் தொட்டிமேல் போட்டால் அஞ்சு செகண்டு,
பச்சைக்கோடு ஒன்று நிறைகிறது:
பதனிட்ட தோல், ஒன்று.
சுண்ணாம்புக் குழி இல்லை, மயிர் சுரண்டல் இல்லை,
நீலத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று
கேட்க ஒரு ஆள் இல்லை.
அப்பாவுக்குக் கால்விரல் இடுக்கெல்லாம்
லீவு நாளில்கூட வெளுத்தே இருக்கும்.
அவரிடம் காட்டினேன்.
அந்த அஞ்சு செகண்டைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்.
"நாத்தம் வராதா?"
வராதுப்பா.
"அப்ப அது தோலே இல்ல"
என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பூதம், மந்திரக்கோல், ஆகாயக் கப்பல்
எல்லாம் இருக்கிறது.
எனக்கு மனசு அதில் நிற்கவில்லை.
டிராகன் வந்தால் ஓடிவிடுவேன்.
கூட்டத்தில் நாலு பாஷையில் திட்டுவார்கள்,
புரியாததால் வலிக்காது.
செருப்பு தைக்கும் மேஜை ஒன்று
கொல்லன் பட்டறைக்குப் பின்னால் இருக்கிறது,
அது போதும்.
"பகலெல்லாம் தைச்சிட்டு வந்து
இங்கயும் தைக்கிறியே, லூசா நீ?" என்கிறான் மோசஸ்.
இந்த ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தவனே அவன்தான்.
அவனுக்குச் சொல்ல ஒரு பதிலும் வரவில்லை.

ஒருநாள் மழைக்குக் கரண்டு போன ராத்திரி,
பதினேழு சதவீதம் சார்ஜில்,
ஃபால்கே என்று ஒருவன் முன்னால் நின்றான்.
உடம்பெல்லாம் இரும்பு, கால் மட்டும் கந்தல்.
குளிர்மலை ஏற பூட்ஸ் வேண்டுமாம்.
ஓநாய்த்தோல் ஆறு, மெழுகு நூல் ரெண்டு,
செய்துகொடுத்தேன்.
மாட்டிக்கொண்டு குதித்துக் குதித்துக் காட்டினான்.
உன் பேர் ஜப்பான் பேரா என்றான்.
ஆம்பூர்ப் பக்கம் என்று விளக்கச் சார்ஜ் பத்தாது.
ஆமாம் என்றேன்.
அப்புறம்தான் கண்ணில் பட்டது.
அந்தப் பூட்ஸைத் தொட்டால்
குளிர் தாங்கும் அளவு, எடை, விலை,
எல்லாவற்றுக்கும் அடியில் பொடிப் பொன்னெழுத்தில்
செய்தவர்: ஓநாய்ச்சி.

ஏழு வருஷம்.
மூணாவது லைன், பதினெட்டாம் மிஷின்.
ஒரு ஷிப்டுக்கு இருநூற்று நாற்பது ஜோடிக்கு
நாக்கு வைத்துத் தைக்கிறேன்.
பெட்டிமேல் யாரோ ஒரு இத்தாலிக்காரன் பேர்.
தையல் பிசகினால் மட்டும்
பதினெட்டு யாரு, பதினெட்டு யாரு என்று
தேடிக்கொண்டு வருவார்கள்.

மறுநாள் சரளாக்கா டீக்குப் போன நேரம்
குறிபோடும் வெள்ளிப் பேனாவை எடுத்தேன்.
நாற்பத்திரண்டாம் சைஸ், பழுப்பு, இடதுகால்.
நாக்கின் உள்பக்கம்.
கை பிரமிளா என்றுதான் போகும் என்று நினைத்தேன்.
போகவில்லை.
மேலே லைனிங் வைத்து ஓட்டிவிட்டேன்.
வலதுகாலுக்கு நேரமில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திறந்தால்
முந்நூற்று நாற்பது எம்பி அப்டேட் கேட்கிறது.
நெட்பேக் காலி.
எனக்கென்று ஒரு ஜோடி
இன்னும் செய்துகொள்ளவில்லை என்பது
பாலத்தின்மேல் வரும்போது ஞாபகம் வந்தது.
பனியில் எங்கே விட்டுவந்தேனோ, அங்கேயே நிற்பாள்.
பின்சீட்டில் யாரோ
சில்லறை இருக்கா என்று கேட்டார்கள்.